மறுத்தாள் என்று எழுதாதீர்கள்

தீபன் எழுந்தான். பல் துலக்கினான். தண்ணீர் கொதிக்க வைத்து மைலோ கலக்கினான். நின்றபடியே குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நாளில் செய்வது இதுதான். லீவு போட்டிருந்த இன்றும் அதையே செய்தான்.

மாமியார் ராசம்மா மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் லோஷினியின் காரியம் முடிந்தும் அவள் தன் ஊரான லாயாங் லாயாங்குக்குத் திரும்பவில்லை.

“எங்க கெளம்பிட்டீங்க, மாப்பிள்ளை?”

“ஆஸ்பத்திரிக்கு. அந்த ரிப்போர்ட் விஷயமா.”

“போயி என்னா ஆவப்போவுது? புடிவாதக்காரி. படுன்னு டாக்டர் சொன்னா படுக்கணும். சின்னதுலேர்ந்தே யாரு பேச்சையும் கேக்க மாட்டா.”

டெங்கிக் காய்ச்சலோடு லோஷினி தானே காரோட்டிக்கொண்டு உலு திராமிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருந்தாள். தீபன் அப்போது சிங்கப்பூரிலிருந்து திரும்பும் வழியில் பாலத்து ஜாமில் மாட்டியிருந்தான். அங்கேயே தங்கச் சொன்னார்கள். அவள் தங்கவில்லை. தன்னைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்த அம்மாவை அழைத்துவர லார்க்கின் பஸ் நிலையத்துக்குப் போனவள் அங்கேயே விழுந்தாள். அதன்பின் பேசவில்லை.

ரிப்போர்ட்டின் நகல் போன வாரம்தான் வந்தது. ராசம்மா வாசிக்கச் சொன்னாள். அதில், தங்கச் சொன்னதற்கு ‘ரெஃபியூஸ்ட்’ என்றிருந்தது. மறுத்தாள் என்று தமிழில் சொன்னான். அன்றிலிருந்து ராசம்மாவுக்கு வேறு பேச்சில்லை. வந்துபோன சொந்தக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். லோஷினி போனதற்கு லோஷினியே காரணம் என்றாகிவிட்டது. அந்தச் சொல்லை எடுக்காமல் வீடு திரும்புவதில்லை என்றுதான் தீபன் கிளம்பினான்.

நிர்வாகி ஹேமநாதன் மரியாதையாகவே உட்கார வைத்தார்.

“ரெஃபியூஸ்ட்னா மனசுக்கு ஒரு மாதிரி இருக்குன்னா டிக்லைன்ட்னு போட்டுடலாம், பிரதர். கொஞ்சம் சாஃப்டா இருக்கும்.”

“ரெண்டுக்கும் வேணாம்னுதான் அர்த்தம். ஒண்ணு மூஞ்சில அடிச்ச மாதிரி, இன்னொண்ணு கும்பிட்டுச் சொன்ன மாதிரி. அவ வேணாம்னு சொன்னாளா?”

“தங்கலையே. முடிவு சேம்-சேம் லா.”

“அப்ப முடிவை மட்டும் எழுதுங்க. தங்காம போனாங்கன்னு. மறுத்தாங்கன்னா அவ வாயால சொல்லியிருக்கணும். யார்கிட்ட சொன்னா?”

“டாக்டர் எழுதியிருக்காரு.”

“டாக்டருக்குத் தமிழ் தெரியுமா?”

ஹேமநாதன் பேனாவை மூடினார். “தெரியாது.”

“அப்ப அவகிட்ட பேசினவங்களைக் கூப்பிடுங்க.”

“டியூட்டில இருப்பாங்க. லேட்டாகும்.”

“லீவு போட்டிருக்கேன்.”

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஹேமநாதன் நடுவில் எட்டிப் பார்த்தார். தேத்தண்ணி அனுப்பினார். அது ஆறிப்போனது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷிரீன் என்ற தாதியோடு அவரே வந்து உள்ளே கூப்பிட்டார்.

“அக்கா என்கிட்டதான் பேசுனாங்க,” என்றாள் ஷிரீன். லோஷினி சொன்னது முழுவதையும் சொன்னாள். தீபன் இன்னொரு முறை சொல்லச் சொன்னான். சொன்னாள். “தங்குறாங்களான்னு டாக்டர் என்னைக் கேட்டாரு. நான் மலாய்ல ‘பெலும்’னு சொன்னேன். அவ்வளவுதான்.”

பெலும். இன்னும் இல்லை. சாப்பிட்டாயா, கல்யாணம் ஆயிற்றா என்று எதைக் கேட்டாலும் இந்த ஊரில் அதுதான் பதில். அதை ஒரே சொல்லில் வைக்க இங்கிலீஷில் இடமில்லை. டாக்டர் அவசரத்தில் கைக்கு வந்ததை எழுதியிருக்கிறார்.

“அப்ப டிலேய்ட்னு போடுவோமா?” என்றார் ஹேமநாதன்.

“அதுல அவ இழுத்தடிச்ச மாதிரி வருது.”

“போஸ்ட்போன்ட்?”

“பிறகு பாத்துக்கலாம்னு தள்ளி வெச்ச மாதிரி. அவ தள்ளி வெக்கல.”

“பின்ன எந்த வார்த்தைதான் வேணும்? நான் என்ன டிக்‌ஷனரியா, பிரதர்?”

“எந்த வார்த்தையும் வேணாம். அவ சொன்னதை அப்படியே எழுதுங்க. டாக்டர் கையெழுத்துப் போடட்டும்.”

“டாக்டர் ஒத்துக்கணுமே.”

“கேளுங்க. இங்கதான் இருக்கேன்.”

டாக்டர் தானே இறங்கி வந்தார். ஷிரீன் சொல்லச் சொல்லக் கேட்டார். பழைய சொல்லின் மேல் கோடு போட்டார். எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வழியெல்லாம் தீபனுக்கு ராசம்மாவின் முகம்தான் நினைவில் இருந்தது. லோஷினி சொன்னதில் அம்மாவைப் பற்றிய பாதியை விட்டுவிட்டுச் சொல்லலாம். அவளுக்கு வலிக்காது. ஆனால் அதுவும் இன்னொரு ‘ரெஃபியூஸ்ட்’தான்.

ராசம்மா அதே மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

“மாத்துனாங்களா?”

“மாத்திட்டாங்க. அவ மறுக்கல, அத்தை.”

“பின்ன என்னதான் சொன்னா?”

அவன் தாளைப் பிரிக்கவில்லை. அதில் இருந்தது இங்கிலீஷ். எதிரே உட்கார்ந்து, ஷிரீன் தமிழில் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் சொன்னான்.

“எங்கம்மாவுக்கு லார்க்கின்ல வழி தெரியாது, சிஸ்டர். வீட்டுல கொண்டுபோயி விட்டுட்டு ஓடியாந்துடுறேன். அந்தக் கட்டிலை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க.”