மேஸ்திரி போட்ட புல்தரை

அப்பா மறுபடியும் கடப்பாரையை ஓங்கிப் போட்டார். உள்ளே அம்மா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கையில் இந்த மனுஷனுக்கு மண்ணைக் கொத்தத் தோன்றுகிறதே என்று மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜன்னலைச் சாத்தப் போனாள்.

“சாத்தாதே. சத்தம் கேக்கட்டும்,” என்றாள் அம்மா.

காலையில் வந்த டாக்டர், இனி ஊசி வேண்டாம், பக்கத்தில் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பக்கத்தில் இருந்தது மகள் மட்டும்தான்.

அப்பா கொத்து வேலை மேஸ்திரி. இந்த வீட்டைக் கட்டி முடித்தபோது மிஞ்சிய செங்கல் துண்டு, காரைக்கட்டி, ஓட்டுச்சில்லு எல்லாவற்றையும் அப்புறப்படுத்தச் சோம்பல்பட்டு, வீட்டு முன்னாலேயே கொட்டி மேலே ஒரு சாண் மண்ணைப் பரப்பி மூடிவிட்டார். அந்த இடத்தில்தான் அம்மா புல் வேண்டுமென்று கேட்டாள். நகை நட்டா கேட்டாள், பாவம். வெறுங்காலோடு நடக்க ஒரு துண்டு புல்தரை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றே காலம் ஓடிவிட்டது.

அவள் படுக்கையில் விழுந்த பிறகுதான் அவருக்கு ஞானோதயம். முதல் தடவை விதைத்தபோது மண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்து, மட்டப்பலகை வைத்துத் தேய்த்து, கூடத்துத் தரை மாதிரி ஆக்கிவிட்டார். ஊற்றிய தண்ணீர் மேலேயே நின்றது. விதையெல்லாம் மிதந்து ஓரத்தில் ஒதுங்கியது. அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்து, இருமலும் சிரிப்புமாக, “மேஸ்திரி, அப்படியே சிமெண்ட் பாலும் ஊத்திடுங்க,” என்றாள். அவரும் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

இப்போது அத்தனையையும் பெயர்த்து, கல்லைப் பொறுக்கி, மண்ணைச் சலித்து, மக்கிய எருவைக் கலந்துகொண்டிருக்கிறார்.

“அப்பாவைக் கூப்பிடறேம்மா.”

“வேண்டாம், விடு.”

“இந்த நேரத்துல கூட இருக்க வேண்டாமா அவரு?”

“இங்க வந்தா என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருப்பாரு. கை சும்மா இருந்தா அவருக்கு அழுகை வந்துடும். நான் எழுந்து போய் அவருக்குத் தண்ணியா குடுக்க முடியும்?”

மகள் ஸ்பூனால் அவள் வாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். பாதி வழிந்தது.

கடப்பாரை ஓய்ந்து, மண்ணைச் சீவி நிரவும் சத்தம் கேட்டது. அம்மா காதைக் கொடுத்துக் கேட்டாள்.

“இப்பதான் சரியா பண்றாரு,” என்றாள். அதற்கப்புறம் பேசவில்லை.

வெயில் தாழ்ந்தபோது மூச்சு நின்றது. மகள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அம்மாவின் கண்களை மூடிவிட்டு, இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜன்னல் திறந்திருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போனாள். அப்பா மண்டியிட்டு, மணல் கலந்த விதையைத் தூவியபடி பின்னுக்கு நகர்ந்துகொண்டிருந்தார்.

“அங்கேயே நில்லு, மிதிச்சிடாதே. இப்பதான் பொலபொலன்னு ஆயிருக்கு.” தலையைத் தூக்காமலே கேட்டார். “தூங்கறாளா?”

அவள் படியோரத்திலேயே நின்றாள்.

“இந்த ஓரம் மட்டும் பாக்கி. முடிச்சிட்டு வந்து அவ பக்கத்துல உக்காந்துடறேன். அப்புறம் எழுந்திருக்கவே மாட்டேன்னு சொல்லு.”

காலையிலிருந்து அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வர வேண்டுமென்று துடித்தவள் அவள்தான்.

“மெதுவாவே முடிங்கப்பா,” என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். அவர் ஒரு பிடி விதையை வைத்தார்.

“உதறாதே. விரல் இடுக்குல விடு.”

இருவரும் பின்னுக்கு நகர்ந்தார்கள். சுவர் நெருங்க நெருங்க, அவள் விதைகளை ஒவ்வொன்றாக விடத் தொடங்கினாள்.