சம்பந்தி கொடுத்த கிரைண்டர்

பாலிக்சி ஊரில் ஜுமாகாதிரின் பட்டறைக்கு ஒரு வேன் வந்திருந்தது. அதன் சைலன்சர் குழாயைப் பிடித்திருந்த போல்ட் துருவேறி, தலை மழுங்கி, எந்த ஸ்பேனருக்கும் மசியவில்லை. வெட்டித்தான் எடுக்க வேண்டும். அவரிடம் இருந்த, இரும்பு வெட்டும் ஐந்தங்குலக் கிரைண்டரோ உள்ளே போகும்போதே கியர்பெட்டியில் இடித்துக்கொண்டு நின்றது.

எவ்வளவு சின்னக் கிரைண்டர் வேண்டும் என்று அறிய அந்த இடுக்கை அளக்க வேண்டியிருந்தது. ஸ்கேல் நுழையவில்லை. அவர் வீட்டுக்குள் போய், நூடுல்ஸுக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு உருண்டை எடுத்துவந்து இடுக்கில் அப்பி, அச்சு கலையாமல் பதமாக உருவினார்.

"சாப்பிடற மாவை சைலன்சர்ல அப்பறீங்களே, பாவமில்லையா?" என்றாள் மனைவி சாய்ரா. "என்ன வாங்கப் போறீங்க?"

"சின்னதா ஒரு பல்கேரியாக்காரி."

அந்த ஊரில் கிரைண்டருக்கு அதுதான் பெயர். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

"இருக்கிறவளையே ஒழுங்கா வச்சுக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டு அவள் மிச்ச மாவைத் தேய்க்கப் போனாள்.

சந்தையில் கருவிக்கடைகள் பல இருந்தாலும் ஜுமாகாதிருக்கு இருந்தது ஒரே கடைதான். அது தோலோமுஷின் கடை. தோலோமுஷின் மகனுக்குத்தான் தன் பெண் நுர்ஜாத்தைக் கொடுத்திருந்தார். சம்பந்தி கடையைத் தாண்டி இன்னொரு கடையில் ஒரு திருகாணி வாங்கினாலும் விஷயம் பொழுது சாய்வதற்குள் மகளின் மாமியார் காதுக்குப் போய்விடும்.

"வாங்க சம்பந்தி, வாங்க! என்ன வேணும்?"

ஜுமாகாதிர் மாவுக்கட்டியை மேஜையில் வைத்தார். "இந்த அளவு இடத்துல நுழையற மாதிரி ஒரு கிரைண்டர்."

தோலோமுஷ் அதைப் பார்த்தார். சம்பந்தி கொண்டுவந்த பண்டம் என்பதால் மரியாதையாக ஒரு ஓரம் நகர்த்தினார். "சின்னதா? உங்களுக்கா? சின்னதைக் குடுத்தா ஊர் என்னை என்ன சொல்லும்?" என்றபடி ஏணியில் ஏறி, கடையிலேயே பெரியதை இறக்கினார். ஒன்பதங்குல டிஸ்க், இரண்டு கைப்பிடி, தூக்குகிறவனை ஒரு பக்கம் சாய்க்கிற எடை. தண்டவாளம் வெட்டுகிற சாதி.

"சம்பந்தி, இது..."

"விலை பேசாதீங்க. இது என் மரியாதை."

சம்பந்திக்கு மேலங்கி போர்த்துவது வழக்கம். அதை மறுக்கக் கூடாது என்பதும் வழக்கம். ஜுமாகாதிர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கிரைண்டர் விஷயத்தில் வழக்கம் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை.

அதை வண்டியில் வைத்துவிட்டு, தொப்பியை இறக்கி விட்டுக்கொண்டு சந்தையின் பின்வரிசைக்கு நடந்தார். அங்கே கடை வைத்திருந்த வாலியா என்ற பெண் மாவுக்கட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காத்துல ஓடற நீட்டு மூக்கு ஒண்ணு இருக்கு. உங்க கம்ப்ரசர் எப்படி?"

"டயருக்கே மூச்சு வாங்கும்."

"அப்ப அது வேணாம். இதோ, பேட்டரியில ஓடறது, மூணங்குலம். சுவிட்சை விட்டா டிஸ்க் உடனே நிக்கும். பக்கத்துல பெட்ரோல் குழாய் இருக்கா?"

"இருக்கு."

"டிஸ்க் மேல இருக்கற மூடியைத் திருப்பி வச்சா பொறி உங்க பக்கம் வராது, அந்தக் குழாய் பக்கமும் போகாது. ஆனாலும் ஈரச் சாக்கு போட்டு மூடுங்க."

கிரைண்டரின் தலை மாவுக்கட்டியின் அளவுக்குள் கச்சிதமாக அடங்கியது. வேன் மறுநாளே ஊர்போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் தோலோமுஷ் தன் காரோடு வந்து இறங்கினார். சைலன்சர் தொங்கியது; அதன் போல்ட்டும் துருவேறி இறுகியிருந்தது. அடியில் நின்று வேலை பார்க்கும் குழிமேல் காரை நிறுத்தினார்கள்.

"நம்ம கிரைண்டராலேயே வெட்டுங்க. நான் பாக்கணும்" என்றார்.

ஜுமாகாதிர் ஒன்பதங்குலத்தைத் தூக்கிக்கொண்டு குழியில் இறங்கி, போல்ட்டுக்கு எட்டாத மூன்று இடங்களில் அதை வைத்துக் காட்டினார்.

"பிடிக்கத் தெரியல உங்களுக்கு" என்று தோலோமுஷும் இறங்கினார். குழி ஒரு ஆளுக்கு வெட்டியது. தோலோமுஷ் இரண்டு ஆள். வயிறும் வயிறும் முட்ட நின்று, கிரைண்டரை வாங்கி, தலைக்குமேல் தூக்கி, நேராக, பக்கவாட்டில், தலைகீழாக முயன்றார். மூன்றாவது முறை காரின் அடியில் விரல்முட்டி உரசித் தோல் வழண்டது. கிரைண்டரைக் கீழே வைத்தார்.

"சம்பந்தி, உங்ககிட்ட வேற ஏதாவது இருக்கா?"

பொய் சொல்லலாம் என்று ஜுமாகாதிருக்குத் தோன்றியது. ஆனால் திரும்பி நின்று சொல்லக்கூட அங்கே இடமில்லை. குழிச்சுவர் மாடத்தில் பழந்துணிக்குள் சுற்றி வைத்திருந்ததை எடுத்தார். வாலியா கடையின் சீட்டு அதில் இன்னும் ஒட்டியிருந்தது. தோலோமுஷ் வாசித்தார்.

"காரண்டி குடுக்கறாளா?"

"ஆறு மாசம்."

"ஆறு!" என்று பெருமூச்சு விட்டார். "வெட்டுங்க."

கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, ஈரச் சாக்கைப் போட்டு, ஜுமாகாதிர் வெட்டினார். போல்ட் இரண்டு துண்டாகி விழுந்தது. சத்தம் அடங்கிய பிறகும் தோலோமுஷ் மேலே ஏறவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வாழ்த்தும் நலவிசாரிப்பும் தவிர அவர்கள் எதுவும் பேசிக்கொண்டதில்லை.

"உங்க பொண்ணு என்னைப் பத்தி என்ன சொல்றா? உள்ளதைச் சொல்லுங்க."

ஜுமாகாதிர் யோசித்தார். "நல்லவருன்னு சொல்றா. கேட்டதைக் குடுக்காம, அவருக்குப் பிடிச்சதைக் குடுப்பாராம். போன மாசம் ஒரு இருக்கை சோபா கேட்டாளாம்."

"ஆமா. எட்டு பேர் உக்கார்றதா வாங்கிப் போட்டேன். கதவு மூட மாட்டேங்குது." தோலோமுஷ் காயத்தைத் துணியில் துடைத்தார். "சிரிச்சுக்கிட்டேதானே வாங்கிக்கிட்டா?"

"நானும் சிரிச்சுக்கிட்டேதான் வாங்கினேன்."

தோலோமுஷ் காலடியில் கிடந்த ஒன்பதங்குலத்தைக் குனிந்து பார்த்தார். மேலே குழி விளிம்பில் சாய்ராவின் செருப்பு தெரிந்தது.

"டீ ஆறுது. ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டீங்களா?"

"இல்லம்மா, பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் தோலோமுஷ். பிறகு ஏற முயன்று பார்த்து, "மாட்டிக்கிட்டும் இருக்கோம்" என்றார்.