அரை நூல் வித்தியாசம்

கடையில் அவருக்கு ‘நம்பர்’ என்று பெயர். வாடிக்கையாளர்கள் மட்டுமல்ல, முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். கார் உதிரிபாகக் கடையில் இருபத்தாறு வருடமாகக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர். வண்டியின் பெயரையும் வருடத்தையும் சொன்னால் போதும். பார்ட்ஸ் புத்தகத்தைப் புரட்டாமலே நம்பரைச் சொல்லிவிட்டு, எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டு என்பதையும் சேர்த்துச் சொல்வார். முதலாளி கம்ப்யூட்டர் வாங்கி வைத்த அன்று, “அது கண்ணு முழிக்கறதுக்குள்ள நம்பர் அண்ணன் சரக்கைக் கட்டியே குடுத்துடுவாரு” என்று ஒரு மெக்கானிக் சொன்னது கடையில் வெகுநாள் ஓடியது. புத்தகத்தைத் தொடாத ஆள் என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் கடைசியில் அவரைக் கவிழ்த்தது.

ஒன்றரை வருடமாகவே நம்பர்கள் அவர் கையை விட்டு நழுவ ஆரம்பித்திருந்தன. முதல் நான்கு இலக்கம் வரும், கடைசி இரண்டு வராது. தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல அப்படியே நிற்கும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடிக்கடி கேட்கப்படும் சாமான்களின் நம்பர்களைப் பொடி எழுத்தில் ஒரு துண்டுத் தாளில் எழுதி, நான்காக மடித்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். சந்தேகம் வந்தால் கண்ணாடியைத் துடைப்பதுபோலத் திரும்பி நின்று பார்த்துக்கொள்வார். “அந்தக் கண்ணாடி தேஞ்சே போயிடப் போகுது” என்று அவர் மனைவிகூட ஒருநாள் கேலி செய்தாள்.

அவருக்கு ஒரே மகள். மருமகன் வாடகைக் கார் ஓட்டுபவன். அன்று காலை கடையில் நல்ல கூட்டம். மருமகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கவுண்டருக்கு வந்தான்.

“மாமா, வண்டிக்கு ஆயில் மாத்தறோம். ஃபில்டர் ஒண்ணு வேணும். மெக்கானிக் பழசைக் கழட்டி வச்சிருக்கான். கொண்டாந்து காட்டட்டுமா?”

“எங்கிட்டயா மாப்பிள்ளை?” என்றார் அவர். பக்கத்தில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அந்த மாடல் காரில் இரண்டு விதமான எஞ்சின் உண்டு. நடுவில் ஒரு வருடம் கம்பெனி எஞ்சினை மாற்றியது. இரண்டுக்கும் உரிய ஃபில்டர்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே ரப்பர் வளையம். நடுவில், திருகி ஏற்றுவதற்கான மரை வெட்டிய துளை மட்டும் பழைய எஞ்சினுக்குச் சற்றுப் பெரியது. அரை நூல்கூட இல்லாத வித்தியாசம். பழைய எஞ்சினுக்குள்ளதைக் கொண்டுபோய்ப் புது எஞ்சினில் மாட்டினாலும் ஏறும், முறுக்கினால் நிற்கும், ஓடவிட்டுப் பார்த்தால் சொட்டும் கசியாது. ஆனால் மரை பாதிதான் கவ்வியிருக்கும்.

மருமகன் முன்பு வைத்திருந்தது பழைய எஞ்சின் வண்டி. எட்டு மாதம் முன்பு அதை விற்றுவிட்டு, அதே மாடலில், அதே வெள்ளையில், புது எஞ்சின் வண்டி வாங்கியிருந்தான். வாங்கப் போனபோது இவரும் கூடப் போயிருந்தார். பின்சீட்டில் உட்கார்ந்து வீடுவரை வந்திருந்தார்.

இரண்டு பெட்டிகளையும் எடுத்தார். ஒரு கைக்கு ஒன்று. எது என்று தெரியவில்லை. வண்டி கண்ணில் நின்றது, வருடம் வரவில்லை. எந்த நம்பர் எந்த எஞ்சினுக்கு என்பதும் குழம்பியது. கண்ணாடிக் கூடு சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் முதலாளி தோளை உரசிக்கொண்டு நின்று, புது வாடிக்கையாளர் ஒருவரிடம் இவரைக் காட்டி, “எங்க கடைக்குப் புத்தகமே இவருதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ‘எந்த வருஷத்து வண்டி மாப்பிள்ளை?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சொந்த மருமகன் வண்டியின் வருடத்தையா கேட்பது?

வலது கையில் இருந்ததைத் தட்டில் திரும்ப வைத்தார். இடது கையில் இருந்ததைக் கொடுத்தார்.

“இந்தாங்க. பார்த்து ஓட்டுங்க.”

நான்காம் நாள் முற்பகல் மகள் போன் செய்தாள். அவள் சொன்னதில் பாதி அழுகை. வயதான தம்பதி ஒன்றை ஏற்றிக்கொண்டு மருமகன் மலைப்பாதையில் போயிருக்கிறான். ஏற்றத்தில் எஞ்சினை அழுத்தி ஓட்டும்போது ஃபில்டர் பிய்த்துக்கொண்டு விழுந்துவிட்டது. ஆயில் முழுவதும் ரோட்டில் கொட்டிவிட்டது. டாஷ்போர்டில் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து அவன் ஓரம் கட்டுவதற்குள் எஞ்சின் இறுகி, வண்டி ஒரு திருப்பத்தில் பாதி ரோட்டில் நின்றுபோனது. பயணிகளை இறக்கி மேட்டுப் பக்கம் உட்காரவைத்துவிட்டு, எச்சரிக்கைப் பலகையை எடுக்க டிக்கியைத் திறந்திருக்கிறான். பின்னால் வந்த லாரிக்காரன் பிரேக் போட்டான். இவன் வண்டி கொட்டிய ஆயிலிலேயே லாரி வழுக்கிக்கொண்டு வந்து, அவனையும் டிக்கியையும் சேர்த்து நசுக்கியது.

அன்று பிற்பகலே வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கார் ஸ்டாண்டு ஆட்கள் கூடியிருந்தார்கள். “ஃபில்டரை ஒழுங்கா முறுக்கல. வேற என்ன? மெக்கானிக் தூங்கிக்கிட்டே வேலை பார்த்திருக்கான்” என்றான் ஒரு டிரைவர். நம்பரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு தாளைப் பிரித்தார். இரண்டு வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக அவர் கையெழுத்திலேயே இருந்தன. பழசுக்கு நாற்பத்தொன்றில் முடியும் நம்பர், புதுசுக்கு நாற்பத்தேழில் முடியும் நம்பர். இடது கையிலிருந்த பெட்டியில் எந்த நம்பர் இருந்தது என்பது, அன்று வராத ஞாபகம், இப்போது பளிச்சென்று வந்தது. நாற்பத்தொன்று.

அவர் அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுத் தண்ணீரை ஊற்றினார். இரண்டு துண்டு மிதந்தது. மறுபடியும் ஊற்றினார்.

அடுத்த நாள் ஸ்டாண்டு டிரைவர்கள் மெக்கானிக்கின் கடைக்குள் புகுந்து இருந்ததையெல்லாம் போட்டு உடைத்தார்கள். அவன் தடுக்கவில்லையாம், சுவரோரமாக ஒதுங்கி நின்றானாம். போலீஸ்காரர்கள் கூப்பிட்டுக் கேட்டபோது, “நான்தான் முறுக்கறதுல விட்டிருப்பேன் சார்” என்று சொல்லியிருக்கிறான். நம்பர் கொடுத்த சரக்கில் தப்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை.

விபத்து நடந்த ஐந்தாம் நாள் மெக்கானிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்தான். நாற்பது வயது ஆள், நாலே நாளில் சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மருமகன் மருந்து மயக்கத்தில் இருந்தான். மகள்தான் எழுந்தாள்.

“வெளிய போ. என் வீட்டுக்காரர் முழிக்கறதுக்குள்ள போயிடு. உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்கு என்ன செய்வேன்னே தெரியாது.”

நம்பர் அவனைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். அவன் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, “நீங்களாவது என்னை நாலு வார்த்தை திட்டுங்கண்ணே” என்றான். அவர் அவன் தோளைத் தட்டினார். “விடு தம்பி. நடந்தது நடந்துபோச்சு” என்றார். சொன்ன பிறகு நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. இருந்தும் மறுபடி வார்டுக்குள் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

விபத்து நடந்த பன்னிரண்டாம் நாள் மகள் குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள். மருமகனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவர், கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“மாப்பிள்ளை, அந்த ஃபில்டர் உங்க வண்டிக்குள்ளது இல்ல. நான்தான் மாத்திக் குடுத்துட்டேன்.”

அவன் கூரையைப் பார்த்தபடியே கேட்டான்.

“வண்டி எடுக்க நீங்களும்தான வந்தீங்க மாமா?”

“வந்தேன்.”

“பின்ன எப்படி?”

“ஞாபகம் வரல. கொஞ்ச நாளாவே வர்றதில்ல. கேக்க வெக்கமா இருந்துச்சு.”

மருமகன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கலாமா என்று இவர் கையை நீட்டி, பின்னால் இழுத்துக்கொண்டார்.

“வேற யார்கிட்ட சொன்னீங்க?”

“யார்கிட்டயும் இல்ல.”

“சொல்லாதீங்க. அவளுக்கு இப்போ சாஞ்சுக்க உங்க தோள் ஒண்ணுதான் இருக்கு. அதுவும் போச்சுன்னா அவ உடைஞ்சு போயிடுவா. மெக்கானிக் எப்படியாவது பொழைச்சுக்குவான்.” கண்ணைத் திறக்காமலே, “நீங்களும் இன்னிக்கு இதுக்கு மேல எங்கூட இருக்காதீங்க மாமா. போங்க” என்றான்.

உள்ளதைச் சொல்வதானால், ஆஸ்பத்திரிப் படியிறங்கும்போது அவருக்கு நெஞ்சு லேசாகத்தான் இருந்தது. காலை இழந்தவனே சொல்லாதே என்கிறான், அப்புறம் என்ன? அந்த நிம்மதி வீடுவரைக்கும் வந்தது. மனைவி, “அந்த மெக்கானிக் பொண்டாட்டியைத் தெருவுல பார்த்தேங்க. அவர் ஸ்பேனரைக் கையால தொடவே மாட்டேங்கறாராம். கார் கழுவற எடத்துல வேலைக்குப் போறாராம்” என்று சொன்னபோது அது போய்விட்டது.

மறுநாள் கார் கழுவும் இடத்துக்குப் போனார். மெக்கானிக் ரப்பர் காலணி போட்டுக்கொண்டு, ஒரு காரின் சக்கரத்துக்குக் குழாயில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தான்.

“நீ சரியாத்தான் முறுக்கியிருக்க தம்பி. நான் குடுத்ததுதான் தப்பான ஃபில்டர். பழைய எஞ்சினுக்குள்ளது.”

அவன் தண்ணீரை நிறுத்தவில்லை. குழாய் மட்டும் தாழ்ந்து, தரையில் பீய்ச்சியது. இருவர் காலும் நனைந்தது.

“மாட்டும்போது ஒரு ஆட்டம் இருந்துச்சுண்ணே” என்றான் மெதுவாக. “கைக்குத் தெரிஞ்சுது. கழட்டி நம்பரைப் பார்ப்போமான்னுகூட நெனச்சேன். குடுத்தது நம்பர் அண்ணனாச்சே, நம்ம கைதான் இன்னிக்கு சரியில்லன்னு விட்டுட்டேன்.”

அவன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

“உங்களுக்கு எப்போ தெரியும்?”

“அன்னிக்கே.”

குழாயைக் கீழே போட்டான். “அன்னிக்கேவா? என் பொண்டாட்டியே என்னை ஏதோ கொலைகாரனைப் பார்க்கற மாதிரி பார்த்தா. நீங்க எனக்கு டீ வாங்கிக் குடுத்தீங்களேண்ணே! தோளைத் தட்டிக் குடுத்தீங்களே!” அவன் கை ஓங்கியது. அடித்திருந்தால் நன்றாயிருக்கும் என்று அவர் நின்றார். அவன் அடிக்கவில்லை. கையை இறக்கி, ஈரக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். “ஸ்டேஷனுக்கு வாங்க. இப்பவே வாங்க” என்றான்.

ஸ்டேஷனில் அந்த ஃபில்டர் ஒரு பாலித்தீன் பையில் கிடந்தது. பார்ட்ஸ் புத்தகத்தை வரவழைத்து நம்பரை ஒப்பிட்டார்கள், துளையை அளந்து பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் முடிந்த வேலை. அவர் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார். சாயங்காலத்துக்குள் கடைக்கும் செய்தி போய்விட்டது. முதலாளி கோபப்படவில்லை. “இனிமே வர வேண்டாம்” என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

மகள் தானே வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் செருப்போடு நின்றாள்.

“தப்பா எடுத்துக் குடுத்ததை விடுங்க. அது யாருக்கும் நடக்கும். தினமும் வந்து எம் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தீங்களேப்பா. அந்த ஆளை நான் நாயை விரட்டற மாதிரி விரட்டினேன். நீங்க பார்த்துக்கிட்டுதான இருந்தீங்க? ஒரு நாள்கூடவா சொல்லணும்னு தோணல?”

“தினமும் தோணுச்சும்மா.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் ஏதோ மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவரிடம் அவள் ‘அப்பா’ என்று பேசியது அதுதான் கடைசி.

மெக்கானிக்கின் பெயரைப் போலீஸ் நீக்கிவிட்டது. ஸ்டாண்டு ஆட்கள் ஆளுக்கொரு கை கொடுத்து அவன் கடையைச் சரிசெய்து கொடுத்தார்கள். அவன் திறந்தான், இரண்டு மாதம்கூட நடத்தவில்லை. முறுக்கிய நட்டையே திரும்பத் திரும்ப முறுக்கி மரையைச் சாகடித்துவிடுவதாகச் சொல்லி வண்டிக்காரர்கள் வேறிடம் போய்விட்டார்கள். இப்போதும் கார்தான் கழுவுகிறான். தெருவில் நம்பரைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போய்விடுவான். நம்பர்மேல் வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்கு மேல் வாய்தா. டாக்டர் அவருடைய மறதிக்கு ஒரு பெயர் வைத்து, மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். கூடும், குறையாது என்றும் சொல்லியிருக்கிறார்.

மகள் இப்போது ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறாள். மருமகனைச் செயற்கைக்கால் பொருத்தும் இடத்துக்குக் கூட்டிப்போக வேறு ஆள் இல்லாததால், செவ்வாய்தோறும் அந்த வேலை நம்பருக்கு வந்தது. மகள் அதைத் தன் அம்மா மூலம்தான் சொல்லி அனுப்பினாள். இருவரும் பஸ்ஸில் போவார்கள். மருமகன் ஜன்னல் பக்கம், இவர் அவனுடைய ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம். அவசியத்துக்குத்தான் பேச்சு.

போன செவ்வாய்க்கிழமை புதுக் காலைக் கட்டி, மருமகன் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் ஆறடி நடந்தான். வேர்த்துக் கொட்டியது. மூன்றாவது முறை நடக்கும்போது தடுமாறி, அருகில் நின்ற இவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். நேராக நின்ற பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை. மூச்சு வாங்க, “சட்டை கசங்கிடுச்சு மாமா” என்றான்.

“இருக்கட்டும் மாப்பிள்ளை.”

திரும்பி வந்தபோது மகள் வேலையிலிருந்து வந்து தன் வீட்டுக் கேட்டருகே நின்றிருந்தாள். கணவனைக் கைத்தாங்கலாக வாங்கிக்கொண்டாள். இவர் ஊன்றுகோலை நீட்டினார். அதையும் வாங்கிக்கொண்டு, கேட்டைச் சாத்தினாள்.