ஜூலியா காதோடு சொன்னது

சிஸ்டர் சகாயசெல்வி இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர். மூட்டுவலி முற்றி நாகர்கோவில் மடத்துக்குத் திரும்பியபின் இத்தாலிய பாஷையில் பேச அவருக்கு ஆளில்லை. 2013 மார்ச் மாதம் மதுரை உயர்நீதிமன்றக் கிளையிலிருந்து அவரைக் கேட்டு ஆள் வந்தது. ஆறு வயதுப் பிள்ளை ஒன்று பேசுவதை நீதிபதிகளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். இரு தரப்பு வக்கீல்களும் சம்மதித்துவிட்டார்கள்.

பிள்ளை யாரென்று சிஸ்டருக்குத் தெரியும். மணக்குடி ரெஜினின் மகள் ஜூலியா. சிஸ்டருக்கும் மணக்குடிதான் சொந்த ஊர். கப்பல் வேலைக்குப் போன ரெஜின் இத்தாலியிலேயே தங்கி, பவுலா என்ற அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டினான். ஒத்துவரவில்லை; பிரிந்தார்கள். பிள்ளை தாயிடம் வளரட்டும், சனி ஞாயிறு தகப்பனிடம் இருக்கட்டும் என்று அங்குள்ள கோர்ட் சொன்னது. கிறிஸ்துமஸுக்கு ஊர் காட்டிவிட்டு வருகிறேன் என்று பவுலாவிடம் சம்மதம் வாங்கி வந்தவன், லீவு முடிந்தும் திரும்பவில்லை. இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டால் அங்கத்திய உத்தரவு இங்கே செல்லாது என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டான். பவுலா அங்கே போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, தேடி வந்து மதுரையில் ஆட்கொணர்வு மனு போட்டாள்.

மதுரைக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் ரெஜினின் அக்கா நேசம்மாள் மடத்துக்கு வந்தாள். ஜூலியாவை இங்கே பார்த்துக்கொள்வது அவள்தான்.

“சிஸ்டர், நீங்க நம்ம ஊருப் பெண்ணுல்லா. எனக்க தம்பி அங்க ஒத்தையில கெடந்து சீரழிஞ்சவனாக்கும். பிள்ளையும் போச்சுண்ணா அவன் இல்ல.”

“உள்ளத உள்ளபடி சொல்லத்தான் என்னைய கூப்பிட்டிருக்கு, நேசம்.”

“உள்ளதச் சொன்னா போதும். அப்பாகூட இருப்பேன்னுதான் பிள்ள சொல்லும். அதுக்குமேல எதுக்கு?”

மறுநாள் கோர்ட் வராந்தாவில் பவுலா சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். தன் பாஷை தெரிந்தவர் என்று கேள்விப்பட்டு ஓடிவந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “அவள் சாப்பிடுகிறாளா?” தனியாகப் பேசக்கூடாது என்று சொல்லியிருந்ததால் சிஸ்டர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு நீதிபதிகள் இருந்தார்கள். மூத்தவர் பிள்ளையைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, கடல் பிடிக்குமா, யாரோடு விளையாடுவாய் என்று பேச்சுக் கொடுத்தார். மூன்று மாதத்தில் மணக்குடிப் பேச்சு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும், அந்த அறைக்குள் ஜூலியாவுக்குத் தாயின் பாஷைதான் வந்தது. சிஸ்டரின் விரலைப் பிடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“யாரோட இருக்க ஆசைன்னு கேளுங்க சிஸ்டர்.”

கேட்டார். “அப்பாவோடு” என்றாள் ஜூலியா, யோசிக்காமல். சிஸ்டர் தமிழில் சொன்னார். நீதிபதி குறித்துக்கொண்டார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஜூலியா சிஸ்டரின் முக்காட்டைப் பிடித்து இழுத்து, காதில் வாயை வைத்தாள்.

“நான் போயிட்டா அப்பா அழுவார். ராத்திரி அழுவார், நான் தூங்குற மாதிரி படுத்திருப்பேன். அம்மா தாங்கிக்குவாள். அப்பாவால முடியாது. இத யாருகிட்டயும் சொல்லாதே.”

“என்ன சொல்லுது?” என்றார் நீதிபதி.

காதோடு சொன்னது கோர்ட்டுக்குச் சொன்னதாகுமா? பயந்திருக்கிறாள் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம், அதுவும் பொய்யில்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை வளர்ந்த ஆண் ஒருவனை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கிறது. யாரும் பார்க்காவிட்டால் அந்தச் சுமையை யார் இறக்கிவிடுவார்கள்?

“இதை நான் சொல்லியாகணும் கண்ணு” என்று முதலில் ஜூலியாவிடம் சொன்னார். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். சிஸ்டர் நீதிபதிகள் பக்கம் திரும்பி, சொல்லாதே என்று பிள்ளை கேட்டுக்கொண்டதையும் சேர்த்து, ஒரு சொல் விடாமல் சொன்னார். அப்பா, அழுவார் என்ற வார்த்தைகள் ஜூலியாவுக்குப் புரிந்துவிட்டன. பிடித்திருந்த விரலை விட்டாள். அதன்பிறகு சிஸ்டரின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. பிள்ளை சொன்னதை வாசித்துக்காட்டிய நீதிபதி, “இது விருப்பம் இல்லை, பாரம்” என்றார். ஜூலியா தாயோடு திரும்ப வேண்டும். யாரோடு வளர்வது என்பதை அங்குள்ள கோர்ட் மறுபடி விசாரிக்கட்டும். தகப்பன் அங்கே வந்தால் கைதாகாதபடி போலீஸ் புகாரைப் பவுலா திரும்பப் பெற வேண்டும்.

“டெல்லிக்குப் போவோம், ஸ்டே வாங்கிடலாம்” என்றார் ரெஜினின் வக்கீல்.

“வேண்டாம் சார். பிள்ள தாய்கூடப் போட்டு” என்றான் அவன்.

திருவனந்தபுரத்தில் மகளை விமானம் ஏற்றிவிட்டு நேரே மடத்துக்கு வந்தான். வரவேற்பறையில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

“உறங்குதாண்ணுல்லா நெனச்சேன், சிஸ்டர்.”

சிஸ்டர் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினார்.

“என்னைய விட்டுப் போவமாட்டேங்கான்னு எனக்கு அவ்வளவு சந்தோசம். எதுக்குண்ணு தெரியாம சந்தோசப்பட்டிருக்கேன், பாருங்க.”

“அவ சொல்லாதேன்னா, ரெஜின். நான் சொல்லிட்டேன்.”

“நீங்க சொல்லாட்டி நான் ஜெயிச்சிருப்பேன்” என்றான். கோபமாகவும் சொல்லவில்லை, நன்றியாகவும் சொல்லவில்லை.

ஜூன் மாதம் அவனும் போனான். பவுலா வீட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் மீன் கடையில் வேலை. வாரக் கடைசியில் ஜூலியா அவனோடு இருக்கலாமென்று அங்குள்ள கோர்ட் மறுபடியும் அனுமதித்தது. நேசம்மாள் சிஸ்டரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். திருவிழாவுக்கு ஊருக்குப் போன சிஸ்டர் கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தபோது, அவள் எழுந்து வேறு வரிசைக்குப் போனாள்.

மழைக்காலத்தில் ரெஜின் ஒருநாள் போன் செய்தான். பிள்ளைக்கு முன்பல் விழுந்துவிட்டதாம், நீச்சல் வகுப்பில் சேர்த்திருக்கிறார்களாம். அவன் குரல் தெளிந்திருந்தது. ராத்திரி படுத்தவுடன் தூங்கிவிடுகிறாளாம். தூக்கம் உண்மையாகத்தானா என்று மூக்கருகே கைவைத்து மூச்சைப் பார்த்தானாம்.

“என்னையப் பத்தி ஏதாவது கேட்டாளா?”

கொஞ்சம் தயங்கி, “இல்ல சிஸ்டர்” என்றான்.

“சரி மக்கா. அடுத்த பல்லும் ஆடுதான்னு பாரு” என்றார் சிஸ்டர்.