கமலக்கண்ணனைக் கடித்த சிலந்தி

பாகலூர் சாலையில் இருக்கும் அந்த ரோஜாப் பண்ணையில் பதினோரு பெண்கள் பூ வெட்டினார்கள். பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுசுக்குள் ஒன்பது மணிக்கே புடவைமேல் போட்ட சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்கு இருந்த ஒரே சுகம் பேக்கிங் ஷெட்டின் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் ஒரு மின்விசிறி, இரண்டு பாய். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிடம் காலை நீட்டலாம்.

அந்த அறையைத்தான் புது சூப்பர்வைசர் கமலக்கண்ணன் கேட்டார். கோவில்பட்டிக்காரர். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்துவிட்டு, பண்ணைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அவர் மேசையைப் பூக்களை அடுக்கி வைக்கும் குளிர் அறையின் வாசலில் போட்டிருந்தார்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அவருக்கு நான்கு தும்மல் வந்தது.

"திங்கக்கெழமையிலேருந்து இது என் ஆபீஸ். நீங்க ஷெட்டுல உக்காந்து சாப்பிட்டுக்கிடுங்க" என்றார்.

பெண்கள் முணுமுணுத்தார்கள். மேகலா மட்டும் சிரித்த முகமாக நின்றாள். முந்தின வாரம் ஒரு மிளகளவு சிலந்தி நோட்டின்மேல் ஓடியதற்கு அவர் நாற்காலியில் கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டதை அவள் பார்த்திருந்தாள்.

"தாராளமா எடுத்துக்கங்க சார். அந்தப் பூச்சிகிட்டதான் கொஞ்சம் பாத்து இருந்துக்கணும்."

"எந்தப் பூச்சி?"

"எட்டுக்கால் பூச்சி. காலண்டருக்குப் பின்னாடி இருக்குது. எங்கள அதுக்குப் பழக்கம். புது ஆளுன்னா ஒரு மாதிரி."

"கடிக்குமோ?"

"கடிச்சாகூடப் பரவால்லையே சார். மேல மூத்திரம் பேஞ்சிட்டுப் போயிடும். மொதல்ல கொப்புளம், அப்புறம் காய்ச்சல். எங்க ஊர்ல ராமப்பன்னு ஒருத்தருக்குக் கண்ணே போயிடுச்சு."

ராமப்பன் என்று ஒருவர் அவள் ஊரில் இருந்தது உண்மை. கண்புரைக்கு ஆபரேஷன் செய்துகொண்டு இப்போது பேப்பர் படிக்கிறார்.

கமலக்கண்ணன் ஒரு குச்சியால் காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கை அகலத்தில் பழுப்பாக ஒன்று சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கரப்பான்களைத் தின்கிறது என்று பெண்கள் அதை விட்டுவைத்திருந்தார்கள். அவர் குச்சியை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்தார். அன்று முழுக்க மேகலாதான் ஷெட்டின் ராணி.

மறுநாள் காலை அறைக் கதவில் பெரிய பூட்டு தொங்கியது. அதன்மேல் ஒரு அட்டையில் மண்டையோடு வரைந்து, 'உள்ளே செல்லாதீர்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. மருந்தடிக்கும் ஆள் எப்போது வருவான் என்று தெரியாது. அதுவரை யாருக்கும் அறை கிடையாது. உங்கள் நன்மைக்குத்தான் என்றார் கமலக்கண்ணன். அவர் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. அதுதான் மேகலாவுக்கு ரொம்ப எரிச்சலாக இருந்தது.

அன்று எல்லோரும் உர மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து களியைத் தின்றார்கள்.

"ஏன்டி, உன் வாய யாரு அவ்ளோ நீளமா தொறக்கச் சொன்னது?" என்றாள் மூத்தவளான சென்னம்மா. "போயி நீயே சொல்லு, பூச்சி ஒண்ணும் பண்ணாதுன்னு."

மேகலா போய்ச் சொன்னாள். கமலக்கண்ணன் நம்பவில்லை.

"நேத்துக் கண்ணு போயிரும்னீங்க. இன்னைக்கு ஒண்ணும் செய்யாதுங்கீங்க. ரெண்டுல எது நெசம்?"

"வாங்க சார், கையில எடுத்தே காட்றேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது, அவளே அதை ஒருநாளும் தொட்டதில்லை. பூட்டைத் திறந்தார்கள். பத்துப் பெண்களும் வாசலில் கூடிவிட்டார்கள். பின்வாங்க வழியில்லை. மேகலா மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் கையை வைத்தாள். சிலந்தி சற்று யோசித்துவிட்டு அவள் விரல்மேல் ஏறியது. கம்பளி நூல் உரசுவதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

"பாத்தீங்களா? கிட்ட வந்து பாருங்க சார்."

கமலக்கண்ணன் கழுத்தை நீட்டினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்திலிருந்த குளிர் அறைக் கதவு திறந்தது. அவர் தும்மினார். சிலந்தி தாவி அவர் சட்டைக்காலரில் விழுந்தது.

பிறகு அவர் போன வேகத்தை யாரும் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஷெட்டைத் தாண்டி, முதல் பாலிஹவுசுக்குள் புகுந்து, ரோஜாப் பாத்தியில் குப்புற விழுந்தார். சிலந்தியைக் காணவில்லை. அவர் கழுத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, அதில் ஒரு துளி ரத்தம்.

"கடிச்சிருச்சு" என்றார் மெதுவாக.

"ஏமி காது சார், ஏமி காது" என்று, ஒன்றும் ஆகாது என்பதைச் சென்னம்மா தெலுங்கில் சொல்லித் தேற்றினாள். அவர் தேறவில்லை.

மேகலாதான் ஸ்கூட்டியில் அவரை ஏற்றிக்கொண்டு ஓசூருக்கு விட்டாள். வழியெல்லாம் அவர் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தார். மனைவி தங்கமணிக்கு இப்போது சொல்ல வேண்டாமாம். முடிந்த பிறகு சொன்னால் போதுமாம். கண் கொஞ்சம் மங்குகிறதாம். மேகலாவுக்கே சந்தேகம் வந்தது. தான் கட்டிய கதை ஒருவேளை உண்மையாகவே இருந்துவிட்டால்? லாரிகளுக்கு நடுவே வண்டியை முறுக்கினாள்.

கிளினிக்கில் டாக்டர் லாவண்யா கழுத்தில் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். சின்ன இடுக்கியால் எதையோ பிடுங்கி வெள்ளைத் துணியில் வைத்தார்.

"ரோஜா முள்ளு."

கமலக்கண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அப்ப சிலந்திக்கு வெசம் கெடையாதா?"

"கொஞ்சம் இருக்குது. அது பூச்சியைக் கொல்றதுக்கு. நம்ம வீட்ல திரியறதுல முக்காவாசிக்கு நம்ம தோலைக் கடிக்கவே பலம் பத்தாது. பெருசு கடிச்சா தேனீ கொட்டின மாதிரி வலிக்கும், போயிடும். எங்கயோ சில ஜாதிதான் ஆபத்து."

"மூத்திரம் பேஞ்சா கண்ணு போயிருமாமே?"

"யாரு சொன்னது?"

மேகலா சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையை மிகுந்த கவனத்தோடு படித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கொப்புளம் வேற நோய். சிலந்திமேல பழி போடுறாங்க" என்று சொல்லிவிட்டு, முள் குத்தியதற்கு ஒரு ஊசி போட்டு அனுப்பினார் டாக்டர்.

வெளியே வந்ததும் கமலக்கண்ணன் வண்டியில் ஏறவில்லை.

"ஷெட்டுல போயி என்ன சொல்லுவீங்க?"

"என்னா சார் சொல்லணும்?"

அவர் போக்குவரத்தைப் பார்த்தார். "முள்ளுன்னு சொன்னா லோடு ஏத்துற பயலுவகூடச் சிரிப்பானுவ. சிலந்தி கடிச்சதாவே இருக்கட்டும்."

"அப்ப அந்த ரூமு, சார்?"

"கடிச்ச எடத்துக்கு நான் ஏன் திரும்பப் போறேன்?"

மேகலா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். முகம் மறைந்தது நல்லதாகப் போயிற்று.

அன்று சாயங்காலமே பூட்டு திறந்தது. கமலக்கண்ணன் ஒருவாரம் கழுத்தில் பிளாஸ்திரியோடு திரிந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் கதை சொன்னார். ஒவ்வொரு தடவையும் சிலந்தி கொஞ்சம் வளர்ந்தது. டாக்டர் "இன்னும் அரைமணி தாமதிச்சிருந்தா" என்று சொன்னதாக ஒரு வரியும் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை முதலாளி வந்தபோது அவரிடமும் சொன்னார். முதலாளி அறை வாசல்வரை வந்து, எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பினார். இப்படி உயிரைப் பணயம் வைத்து வேலை பார்க்கும் ஆளைக் குளிரில் உட்கார வைக்கலாமா என்று, ஷெட்டின் முன்பக்கம் கண்ணாடி அறை ஒன்று கட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

"கண்ணாடி ரூமே கெடைக்குறப்ப, எங்க ரூமப் போயி கேட்டீங்களே சார்" என்றாள் மேகலா.

கமலக்கண்ணன் பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டிக்கொண்டார்.