இடைவேளையில் வாசித்த மெட்டு

ஃபிரேசர் விருது வாங்கிய படம் பத்திரிகையில் வந்தால், அந்தப் பக்கத்தின்மேல்தான் டூகல் மீன் வறுவலை வைத்துத் தின்பான். எண்ணெய் ஊறி அந்த மூஞ்சி கறுத்துப்போனால் ஒரு சின்ன திருப்தி.

இரண்டு பேரும் கிளாஸ்கோவில் ஒரே பாப் குழுவில் கிடார் வாசித்தவர்கள். குழு கலைந்தது. ஃபிரேசர் லண்டன் போய், விளம்பரம், டி.வி. தொடர் என்று ஏறி, சினிமா இசையமைப்பாளராகவே ஆகிவிட்டான். டூகல் பக்கத்து ஊரான பெய்ஸ்லியில் கல்யாண விருந்துகளில் அடுத்தவன் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தான். இத்தனைக்கும் அந்தக் காலத்தில் பெண்கள் கூட்டம் கத்தியது டூகல் பெயரைத்தான்!

அந்த ஃபிரேசர்தான் போன் செய்தான். "டேய் டூகி, கிளாஸ்கோவுலதான் ரெக்கார்டிங். கிடாருக்கு வர்றியா? உன் கை மாதிரி வராதுடா."

"பெரிய மனுஷன் கூப்பிட்டா வராம இருக்க முடியுமா?"

பிச்சை போடுகிறான் பார் என்று உள்ளே கொதித்தது. ஆனாலும் போனான். ஒரே ஒரு தடவை, ஃபிரேசர் தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். அதை இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். வேறு எந்த ஆசையும் அவனுக்கு இல்லை.

போன இடத்தில் ஃபிரேசர் திணறிக்கொண்டிருந்தான். படத்தை வெட்டி ஒட்டும்போது, சும்மா இடத்தை நிரப்ப யாருடைய இசையையாவது போட்டுவைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். டைரக்டர் மார்வென் அதையே மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு மயங்கிப்போயிருந்தாள். மீனவன் மனைவி தீவை விட்டுக் கப்பலேறும் காட்சிக்கு ஃபிரேசர் எதைக் கொடுத்தாலும் உதட்டைப் பிதுக்கினாள்.

"நல்லாத்தான் இருக்கு, ஃபிரேசர். ஆனா ஒட்டலையே!"

ஃபிரேசருக்குக் காது சிவந்தது. டூகலுக்குக் குஷி தாங்கவில்லை. வேணும்டா உனக்கு, நல்லா வேணும்.

டீ குடிக்க எல்லோரும் எழுந்து போனார்கள். டூகல் மட்டும் உட்கார்ந்திருந்தான். எதிரே திரையில் அந்தக் கப்பல் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. கை அதுபாட்டுக்குக் கிடாரில் எதையோ மீட்டியது. மைக்கை யாரும் அணைக்கவில்லை.

"அய்யோ, நிறுத்தாதீங்க!" ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பி வந்திருந்த மார்வென் கத்தினாள். "இதுதான்! இதைத்தான் தேடிட்டிருந்தேன். யாரோட மெட்டு இது?"

அப்போதுதான் டூகலுக்கு உறைத்தது. ஃபிரேசர் மெட்டு. அந்தக் காலத்தில் குழுவின் இரண்டாவது ஆல்பத்துக்காக அவன் வெட்கப்பட்டுக்கொண்டே வாசித்துக் காட்டியது. "எழவு வீட்டுக்கா போறோம்?" என்று டூகல் சிரித்த சிரிப்பில் மற்றவர்களும் சிரித்துவிட்டார்கள். ஃபிரேசர் அதை மறுபடி எடுக்கவே இல்லை. நன்றாக இல்லை என்றா டூகல் சிரித்தான்? தனக்கு அப்படி ஒன்று வரவில்லையே என்ற கடுப்பில் சிரித்தான்.

"என்னோடதுதான்," என்றான்.

கையில் டீக் கோப்பையோடு ஃபிரேசர் உள்ளே வந்து நின்றான். தொலைந்தோம், கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தான் டூகல்.

"இன்னொரு தடவை வாசிடா."

வாசித்தான். ஃபிரேசர் முகம் சுண்டிப்போய்விட்டது. டூகலை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படிடா உனக்கு மட்டும் இப்படி வருது? இந்த மாதிரி ஒண்ணே ஒண்ணு எழுதத்தான் இத்தனை வருஷமா மாரடிக்கிறேன். எனக்கு வரவே இல்லையேடா. பொய் சொல்வானேன், வயித்தெரிச்சலா இருக்கு."

எத்தனை வருஷம் ஏங்கிய முகம்! இதோ, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. ஆனால் பாவி, தான் போட்டு மறந்துபோன மெட்டைக் கேட்டு, இப்போதும் தன்மேலேயேதான் பொறாமைப்படுகிறான். அதில்கூட டூகலுக்கென்று ஒரு துளி இல்லை.

"டைட்டில்ல உங்க பேரை எப்படிப் போடணும்?" என்றாள் மார்வென்.

டூகல் தன் பெயரைச் சொன்னான்.