வசுந்தரா பையைக் கீழே வைத்தாளா?

1

இந்தக் கதைக்குக் காரணம் எங்கள் கல்லூரி ஆண்டுமலர். அதற்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, “காமெடியா ஏதாவது எழுது, ஆனா யாரும் சிரிச்சுடக் கூடாது” என்றார். (அப்படிச் சொல்லவில்லை. “யார் மனசும் புண்படக் கூடாது” என்றார். இரண்டும் ஒன்றுதான்.) ‘நிலைப்படி’ சீரியலைப் பற்றி எங்கள் தெரு நேயர்களிடம் கருத்து கேட்டு எழுதுகிறேன் என்றேன். 2003-இல் யாரிடமும் அடி வாங்காமல் கேட்கக்கூடிய ஒரே கேள்வி “நேத்து சீரியல் எப்படி?” என்பதுதான் என்று நம்பியிருந்தேன்.

சீரியல் பார்க்காத ஒருவர் இதைப் படித்தாலும் படிக்கலாம். அவருக்காக: வசுந்தரா மூத்த மருமகள், படித்தவள். பெரியநாயகி மாமியார், மூக்குத்தியோடு முறைப்பவர். அறுநூறு எபிசோடு தாண்டிய பிறகு வசுந்தராவுக்கு ஒரு வேலை கிடைத்தது. கையில் பையோடு வீட்டு நிலைப்படி வரை வந்துவிட்டாள். வந்து ஐந்து வாரம் ஆகிறது. வலது காலைத் தூக்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தக் கால் இன்னும் தரைக்கு வரவில்லை. போவாளா, பையைக் கீழே வைப்பாளா? வெள்ளிக்கிழமை எபிசோடில் தெரிந்துவிடும் என்று விளம்பரத்தில் சத்தியம் செய்திருந்தார்கள்.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

‘ராஜகோபுரத்தின் மீது மாலை வெயில் பொன்னாக’ – இல்லை. எங்கள் ஊர்க் கதைகள் எல்லாமே கோபுரத்தில்தான் தொடங்குகின்றன. அதற்குப் பிறகு கோபுரத்துக்குக் கதையில் வேலையே இருப்பதில்லை.

‘ஊடகம் என்பது பெண்ணின் அகவெளியைக் கட்டமைக்கும்’ – இதை எழுதியது நான்தானா என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

‘பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் உப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.’

இது நிற்கட்டும்.

3

பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் உப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் கேட்டது வியாழக்கிழமை எபிசோடைப் பற்றி.

“உப்ப இவ்ளோ ஜாஸ்தியா போட்டா எந்த மாமியாதான் சும்மா இருப்பா? சொல்லு மாறா.”

எபிசோடில் யாரும் சமைக்கவில்லை. ஒரு கால் அந்தரத்தில் நின்றது, அவ்வளவுதான். உள்ளே இருந்து அவருடைய மருமகள் ரேணுகாம்பாள் பதில் சொன்னார்: “சில வூட்ல மருமக சாப்பிட்டாளான்னுகூட கேக்க மாட்டாங்க தம்பி. அதையும் எழுதிக்கோ.” அதுவும் எபிசோடில் இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வீட்டில் யாரும் யாரிடமும் நேராகப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியது எதுவானாலும் வசுந்தராவுக்கும் பெரியநாயகிக்கும் சொல்லி அனுப்புவார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவர் ஒன்றுதான் என்பதால் வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். ஆனால் சீரியலை விமர்சிக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

காசி அண்ணன் ஜோதியம்மாளின் மகன், ரேணுகா அக்காவின் கணவர். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜர். டி.வி.க்கு எதிரில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, பேப்பருக்கு மேலாகப் படம் பார்ப்பவர். நேயர் கருத்து கேட்டால் “அம்மா என்ன சொல்றாங்களோ அதான்” என்பார். எந்தக் கேள்விக்கும் அதுதான் பதில்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரேணுகா அக்காவுக்கு வேங்கிக்காலில் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். போகலாமா என்று கணவரிடம் கேட்டதற்கு, “அம்மா என்ன சொல்றாங்களோ” என்றாராம். மாமியாரிடம் அக்கா கேட்கவில்லை. மாமியாரும் எதுவும் சொல்லவில்லை. மூன்று பேரும் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தார்கள்.

4

நேயர் கருத்துகள் (ஆண்டுமலருக்காகத் திரட்டியவை):

கேபிள் ஆபீஸ் சமீரின் அம்மா பீபி ஜான்: “அஞ்சு வாரமா அந்தப் பொண்ணு ஒரே பொடவைல நிக்குது. வேலைக்கு அப்பறம் போவட்டும், மொதல்ல அதத் தொவைக்கச் சொல்லு.”

ஆட்டோக்காரர் ஒருவர்: “பௌர்ணமிக்கு பௌர்ணமி பாரு தம்பி, லட்சம் பேரு செருப்பு இல்லாம மலையச் சுத்திட்டு வூட்டுக்கே போயிடறான். இந்தம்மா ஒரு படிய தாண்ட முடியலயா?”

ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர்: மௌன விரதம். கருத்து கூறவில்லை. ஆனால் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்பதில் எனக்கும் சமீருக்கும் இன்றுவரை தகராறு.

சமீர் என் வகுப்புத் தோழன். மாலையில் அப்பாவின் கேபிள் ஆபீஸைப் பார்த்துக்கொள்வான். இந்தக் கதையின் முதல் வாசகனும் அவன்தான். இதுவரை படித்துவிட்டு, “எல்லாம் சரிடா, கதை எப்போ ஆரம்பிக்கும்?” என்றான்.

5

அந்த வெள்ளிக்கிழமை பௌர்ணமி. பௌர்ணமி வந்தால் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரும் விரதம் இருக்கும். ஏழு முப்பதுக்கு சீரியல் தொடங்கியது. வசுந்தராவின் கால் மெல்ல இறங்கத் தொடங்கியபோது தெரு முழுவதும் கரண்டு போனது.

நான் அப்போது செங்கம் ரோட்டில், சமீரின் கேபிள் ஆபீஸில் இருந்தேன். அங்கே ஜெனரேட்டர் உண்டு. எங்கள் தெருவில் அந்த எபிசோடின் முடிவைப் பார்த்த ஜீவன்கள் இரண்டே: நானும் சமீரும்.

முடிவு இதுதான்: வசுந்தரா பையைக் கீழே வைத்தாள். பெரியநாயகியிடம் மன்னிப்புக் கேட்டாள். உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். பால் பொங்கியது. தொடரும்.

(இதைப் படித்ததும் சமீர், “நெஜமாவே அப்படித்தான்டா முடிஞ்சுது, வாசகன் நம்புவானா?” என்றான். சீரியல் பார்க்கிற வாசகன் நம்புவான்.)

கிரிவலக் கூட்டத்தில் நீந்தி, இருட்டில் தெருவுக்குள் நுழைந்தேன். வீட்டு வாசலில் மெழுகுவர்த்தியோடு மாமியாரும் மருமகளும் நின்றிருந்தார்கள். காசி அண்ணன் இல்லை. பௌர்ணமியன்று லாட்ஜை விட்டு அவரால் வர முடியாது.

“மாறா, நீ பாத்தியா? வசுந்தரா என்ன பண்ணா?” என்று ரேணுகா அக்கா கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் மெழுகு விரலில் சொட்டிக்கொண்டிருந்தது, அவருக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஓர் எழுத்தாளன் யோசிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. உண்மைக்கும் புனைவுக்கும் உள்ள – விடுங்கள். நான் யோசிக்கவில்லை.

“போயிட்டாக்கா. திரும்பிக்கூட பாக்கல. நேரா போயி பஸ் ஏறிட்டா.”

ரேணுகா அக்கா மூச்சு விட்டார். ஜோதியம்மாள் விடவில்லை.

“மாமியாக்காரி என்ன சொன்னா?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கதாநாயகியை பஸ் ஏற்றிவிடுவது சுலபம். மாமியாரை என்ன செய்வது?

“அவங்க... மதியத்துக்கு சோறு கட்டிக் குடுத்தாங்க.”

“பெரியநாயகியா?”

“ஆமா.”

“என்ன சோறு?”

“புளி சாதம்.”

“தொட்டுக்க?”

“அப்பளம்.”

ஜோதியம்மாள் என்னை நிதானமாகப் பார்த்தார். அறுநூற்றுச் சொச்சம் எபிசோடில் பெரியநாயகி சமையலறைப் பக்கம் போனதே இல்லை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

“அப்பளமா? மதியத்துக்குள்ள நமுத்துப் போவும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் சுவர் வழியாகக் கேட்டது. “வசுந்தரா வேலைக்குப் போயிட்டாளாம்டா” என்றார் ஜோதியம்மாள். பேப்பர் மடங்கும் சத்தம். “சீரியல்லயே அனுப்பிட்டாங்களா? அப்போ சரி” என்றார் காசி அண்ணன்.

ஓர் எழுத்தாளனின் வாழ்வில் தன் படைப்பு சமூகத்தை மாற்றியதைக் கண்ணால் காண்பது அரிது. நான் காதால் கேட்டேன். ஆனால் ஒரு சிக்கல். திங்கட்கிழமை ஏழு முப்பதுக்கு ‘இதுவரை நடந்தது’ என்று போடுவார்கள். அதில் பால் பொங்கும்.

6

இந்தக் கதையில் எனக்கே நம்பிக்கை இல்லாத பாத்திரம் ஜோதியம்மாள்தான். முதல் பிரதியில் அவரை வில்லியாக எழுதியிருந்தேன். நன்றாக வந்திருந்தது. மூக்குத்திகூட வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே அதைக் கெடுத்தார்.

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கூப்பிட்டார். “ஏம்பா, அவ பைய கீழதான வெச்சா?”

கீழே விழுந்த கிளிப் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

“எனக்குத் தெரியும். அந்தக் கதை எழுதறவனுக்கு இன்னும் எரநூறு நாள் ஓட்டணும். அவளப் போவ வுடுவானா? பாலு பொங்குச்சா?”

“பொங்குச்சு.”

“பொங்கும். அவனுக்கு வேற என்ன தெரியும்?” என்று ஒரு புடவையை உதறினார். “நீ சொன்னதுதான் நல்லா இருக்குது. அப்பளம் மட்டும் தப்பு.”

நான் எழுதிய எதற்கும் கிடைத்த முதல் பாராட்டு அது.

“அப்போ நீங்களே நேரா சொல்லிடலாமே, அக்கா போவட்டும்னு.”

“இந்த வூட்ல எவன் நேரா பேசனான், நான் பேச? போவக் கூடாதுன்னு நான் ஒரு நாளும் சொல்லல. யாரும் என்னக் கேக்கவும் இல்ல. என் பேரச் சொல்லிச் சொல்லியே காசி தப்பிச்சிக்கறான். அவளும் நான்தான் தடுக்கறேன்னு நெனச்சிட்டிருக்கா. இன்னிக்குப் போயி நான் ஒண்ணும் சொல்லலையேன்னா, இத்தினி நாளா வாயில என்ன வெச்சிருந்தேன்னு கேக்க மாட்டாளா?”

பிறகு குரலைத் தாழ்த்தினார். அதற்குத் தேவையே இல்லை, மாடியில் எங்களையும் துணிகளையும் தவிர யாரும் இல்லை.

“அந்தக் கேபிள்காரப் புள்ள உன் சிநேகிதன்தான? நாளைக்கு சாயங்காலம் நம்ம தெரு ஒயர அர மணி நேரம் புடுங்கி வுடச் சொல்லு.”

“தெருவே திட்டும்மா.”

“திட்டட்டும். மொத நாளு வேலைக்கு யாரு வேணா போவலாம். ரெண்டாவது நாளும் அவ காலைல பஸ் ஏறிட்டான்னா, அப்பறம் நிறுத்தணும்னா இவன் காரணம் சொல்லணும். காரணம் சொல்லணும்னா வாயத் தொறந்து நேரா பேசணும். இவனால அது ஆவாது. ஒரே ஒரு ராத்திரிதான் மாறா.”

இதை இட்டுக்கட்டும் திறமை எனக்குக் கிடையாது. அதனால் வில்லியை அடித்துவிட்டேன். மூக்குத்தியையும்.

7

திங்கட்கிழமை காலை ரேணுகா அக்கா புறப்பட்டார். டிபன் பாக்ஸில் புளி சாதம், உருளைக்கிழங்கு வறுவல். மாமியார் அதைக் கையில் தரவில்லை. செருப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்துவிட்டு, “பெரியநாயகி கட்டிக் குடுத்தாளாமே” என்று டி.வி.யிடம் சொன்னார். டி.வி. அணைந்திருந்தது.

மாலை ஆறரைக்கு அக்கா பஸ்ஸை விட்டு இறங்கியபோது தெருமுனையில் நின்றிருந்தேன். வேலை எப்படி என்று கேட்டேன்.

“நாளைக்கு எலுமிச்ச சாதம் கெடைக்குமான்னு வசுந்தரா கேட்டாளாம். பெரியநாயகிகிட்ட சொல்லிடு தம்பி” என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் நடந்தார். நடை மட்டும் சிரித்தது.

(இந்த வாக்கியத்தை அடிக்கச் சொல்லி சமீர் வற்புறுத்தினான். நடை எப்படிடா சிரிக்கும் என்றான். அவன் பார்க்கவில்லை.)

ஆக, வந்து சேர்ந்த இடம் கேபிள் ஆபீஸ். சுவரில் வரிசையாக வயர்கள், தெருவுக்கு ஒன்று. எங்கள் தெருவுடையதில் சிவப்பு டேப். சமீருக்கு விஷயத்தைச் சொன்னேன். “நாப்பது வூடுடா! எங்கம்மா வூடும் அந்த லைன்லதான்டா! அந்தப் பொடவைய மாத்திட்டாளான்னு பாக்க ஏழு மணிக்கே உக்காந்துட்டாங்க” என்றான். பிறகு, “நான் டீ குடிக்கப் போறேன். நான் இங்க இல்ல. எதையும் பாக்கல” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: வயரைப் பிடுங்குகிறேன். தெரு திட்டுகிறது. செவ்வாய்க்கிழமை எலுமிச்சை சாதம். எழுதியபோது நன்றாக இருந்தது. ஆனால் இதுவும் பால் பொங்கும் முடிவுதான்.

இரண்டு: பிடுங்கவில்லை. பால் பொங்குகிறது. காசி அண்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ‘அம்மா’ என்று ஆரம்பித்து – இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதை எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. வெள்ளிக்கிழமை காசி அண்ணன் லாட்ஜில் இருந்தார். லாட்ஜ் ரிசப்ஷனில் டி.வி. உண்டு. பஸ் ஸ்டாண்டு பக்கம் அன்று கரண்டு போகவே இல்லை. அவர் முடிவைப் பார்த்திருக்கலாம். பார்த்துவிட்டும், தெரியாததுபோல் மறுநாள் “அப்போ சரி” என்றாரா? கூட்டத்தில் பார்க்க நேரமில்லாமல் இருந்தாரா? போய்க் கேட்கலாம். “அம்மா என்ன சொல்றாங்களோ” என்பார்.

ஆகவே மூன்றாவது முடிவு நிற்கிறது, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு. வசுந்தராவைக் கிண்டல் செய்ததற்கு எனக்கு இது வேண்டியதுதான்.

ஆண்டுமலரில் இரண்டு பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், அதுவும் தீர்ந்துவிட்டது. மணி ஏழு இருபத்தொன்பது. எங்கள் தெருவில், பக்கத்து வீட்டில் இந்நேரம் டி.வி. போட்டிருப்பார்கள். பேப்பரும் விரித்தாயிற்று. சமையலறையில் ஒருவர் எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று பார்க்கிறார். இன்னொருவர் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்க்கிறார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நேயர் கருத்தைத் திரட்டத்தான் நான் வந்தேன். உங்களுடையதை மட்டும் இன்னும் கேட்கவில்லை.

சிவப்பு டேப் ஒட்டிய வயர். இந்தாருங்கள், பிடித்துக்கொள்ளுங்கள்.